1915 குயின்ஸ்லாந்து தேர்தல்: எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் கட்டாய வாக்களிப்பு பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதினேன். "1915-இல் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சிதான் குயின்ஸ்லாந்தில் கட்டாய வாக்களிப்பைக் கொண்டுவந்தது" என்று அதில் ஒரு வரி. குயின்ஸ்லாந்து ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம்; லேபர் அங்குள்ள தொழிலாளர் கட்சி. அச்சில் வந்த பிறகுதான் தெரிந்தது, விஷயம் அப்படியே தலைகீழ் என்று. அன்றிலிருந்து இந்தத் தேர்தலைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் அந்த இடத்தைத்தான் தேடிப் பார்க்கிறேன். பாதிப் பேர் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள்.

சட்டம் வந்தது 1914-இல். கொண்டுவந்தவர் லேபரின் எதிராளி, லிபரல் முதல்வர் டிக்பி டெனம். அவருக்கு ஏன் அந்த வேலை என்று புரிய 1912 ஜனவரிக்குப் போக வேண்டும். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனில் டிராம் ஊழியர்கள் சட்டையில் சங்க பேட்ஜ் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். கழற்றச் சொன்னது நிர்வாகம். மறுத்தவர்களை வேலையை விட்டு நிறுத்தியது. ஒரு பேட்ஜில் தொடங்கியது நகரம் முழுக்கப் பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. பிப்ரவரி 2-ஆம் தேதி போலீஸ் தடியடி. அன்றைக்கு எம்மா மில்லர் என்ற எழுபது தாண்டிய தொழிற்சங்கப் பாட்டி, தொப்பி ஊசியைக் கழற்றிப் போலீஸ் கமிஷனரின் குதிரையைக் குத்தினார், கமிஷனர் கீழே விழுந்தார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. அந்த வருடத் தேர்தலில் சட்டம் ஒழுங்கு என்று பேசியே டெனம் ஜெயித்தார்.

ஆனால் பயம் போகவில்லை. சங்கங்கள் தங்கள் ஆட்களை வீடு வீடாகப் போய் வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்துவிடும். லிபரல் ஆதரவாளர்களோ சாவகாசமாக வீட்டில் இருந்துவிடுவார்கள். எல்லாரும் வந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டால் தன் பக்கம் தேறிவிடும் என்பது அவர் கணக்கு. 1915 மே 22 அன்று பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய 88 விழுக்காட்டினர் வந்தார்கள். முந்தைய தேர்தலில் அது 75-ஐ ஒட்டித்தான் இருந்தது. வந்தவர்கள் 72 இடங்களில் 45-ஐ லேபருக்குக் கொடுத்தார்கள். ஆக்ஸ்லி தொகுதியில் டெனமே தோற்றுப் போனார். தான் தோண்டிய குழி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்காக "கட்டாய வாக்களிப்பால்தான் தோற்றார்" என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியில்லை. முதல் உலகப் போரில் துருக்கியின் கேலிபோலியில் ஆஸ்திரேலியப் படைகள் இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத போர்க்காலம் அது. தேர்தலில் ஒரே ஒரு காரணம் மட்டும் வேலை செய்வதில்லை.

இதோடு ஒட்டியே இன்னொரு சறுக்கல்: "உலகிலேயே முதல் கட்டாய வாக்களிப்பு". இல்லை. பெல்ஜியத்தில் 1893-லேயே வந்துவிட்டது. பிரிட்டிஷ் பேரரசில் முதல் என்று சொன்னால் சரி. ஆஸ்திரேலியக் கூட்டாட்சித் தேர்தலுக்கு இது வந்தது 1924-இல்.

அப்புறம் பெயர்க் குழப்பங்கள். ஜெயித்த லேபர் தலைவர் டி. ஜே. ரயனைப் "பிரதமர் ரயன்" என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் மாநிலத் தலைவர், அதாவது முதல்வர். அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஆண்ட்ரூ ஃபிஷர். நம் ஊரிலும் 1937-இல் ராஜாஜியைச் சென்னை மாகாணப் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள், அந்தப் பழக்கத்தில் வரும் தவறாக இருக்கலாம். ஃபிஷரும் குயின்ஸ்லாந்துக்காரர், லேபர்காரர் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. டெனமின் "லிபரல்" இன்றைய லிபரல் கட்சி அல்ல. இன்றையது 1944-இல் ராபர்ட் மென்சிஸ் என்ற அரசியல் தலைவரின் முயற்சியில் உருவானது. ரயனுடையது குயின்ஸ்லாந்தின் முதல் லேபர் ஆட்சியும் அல்ல. 1899 டிசம்பரில் ஆண்டர்சன் டாசன் தலைமையில் ஒரு சிறுபான்மை லேபர் அரசு ஒரு வாரம் இருந்து கவிழ்ந்தது. முதல் பெரும்பான்மை ஆட்சி என்று எழுதுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்றைய ஆஸ்திரேலிய விருப்பவரிசை முறையை, அதாவது வேட்பாளர்களை 1, 2, 3 என்று வாக்காளர் வரிசைப்படுத்த, கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி எண்ணும் முறையை, பழைய தேர்தலுக்குப் பொருத்துவதும் வழக்கமான பிழை. 1892 முதல் 1942 வரை குயின்ஸ்லாந்தில் இருந்த முறை வேறு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே அடியாக நீக்கிவிடுவார்கள். நூறு வாக்கில் ஒருவருக்கு 40, அடுத்தவருக்கு 35, மூன்றாமவருக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 25 சீட்டுகளில் 14 பேர் இரண்டாமவரையும் 3 பேர் முதலாமவரையும் அடுத்த விருப்பமாகக் குறித்திருக்கிறார்கள்; 8 பேர் ஒன்றும் குறிக்கவில்லை. குறிப்பது கட்டாயம் இல்லை. ஆக 49-க்கு 43 என்று இரண்டாமவர் ஜெயிக்கிறார், மொத்த வாக்கில் பாதி இல்லாமலேயே.

45 இடம் கிடைத்ததால் ரயன் நினைத்ததெல்லாம் நடந்தது என்று நினைப்பதும் தப்பு. வாழ்நாள் நியமனம் பெற்றவர்கள் நிரம்பிய மேலவை ஒன்று மேலே உட்கார்ந்திருந்தது. அதை ஒழிக்கலாமா என்று 1917-இல் மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் மக்கள். கடைசியில் ரயனுக்குப் பின் முதல்வரான தியோடர் தன் ஆட்களை மேலவையில் நியமித்து, அவர்கள் கையாலேயே அதை மூடவைத்தார். 1922 முதல் மேலவை இல்லாத ஒரே ஆஸ்திரேலிய மாநிலம் குயின்ஸ்லாந்துதான்.

"எல்லாரும் வாக்களித்த தேர்தல்" என்று எழுதுமுன் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். 88 விழுக்காடு என்பது பட்டியலில் இருந்தவர்களில். பெண்களுக்கு 1905-லேயே மாநில வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆனால் ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கும் ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகளுக்கும் பட்டியலில் இடமில்லை. இந்தியர்களும் அதில் அடக்கம். 1922-இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் ஆஸ்திரேலியாவைச் சுற்றி, அங்குள்ள இந்தியர்களுக்கு வாக்குரிமை கேட்டார். கூட்டாட்சித் தேர்தலில் 1925-இல் அது கிடைத்தது. குயின்ஸ்லாந்து 1930-இல்தான் கொடுத்தது. அந்த மண்ணின் பழங்குடியினர் மாநிலத் தேர்தலில் வாக்களிக்க 1965 வரை காத்திருந்தார்கள்.