கப்பல் கரை தொடும் நாளில்: ஊர் சுற்றத் திட்டமிடுவதும் முன்பதிவு செய்வதும்

வேலூரில் பாலாற்றங்கரையில் ஒரு முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம் அது. 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்துபோனவர். என் அப்பாவுக்கு அந்த மண்டபத்தின் மீது தனிப் பற்று. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு போவது என்று முடிவானதும், பயணத் தாளில் 'திருகோணமலை' என்று பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்படியே கண்டிக்கும் போய் வந்துவிடலாமா?"

முதல் முறை கப்பலில் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறது, போனால் என்ன என்று. நாம் வேன் வைத்து ஒரே நாளில் காஞ்சிபுரம், திருத்தணி, திருவாலங்காடு என்று சுற்றிப் பழகியவர்கள். கப்பல் அப்படியல்ல. வேன் நமக்காக நிற்கும், கப்பல் நிற்காது. அதனால் இடத்தை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள், நேரத்தை முதலில் எண்ணுங்கள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த ஒரு கணக்கிலிருந்து வருபவைதான்.

படி 1: கைக்கு வரும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு துறைமுகத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே கப்பல் வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம் இரண்டையும் எழுதுங்கள்.

காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்தி, துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசையில் நின்று நாம் தரையில் கால் வைக்க ஒரு மணி நேரம் ஆகலாம். ஆக, 9 மணி. மாலை 5 மணி என்பது கப்பல் நகரும் நேரம். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். ஒரு மணி என்றே பிடியுங்கள், 4 ஆகிறது. அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாசலில் இருப்பது என் வழக்கம். டயர் பஞ்சராகலாம், வழியில் ஊர்வலம் வரலாம். எனவே 2.30. மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம்.

திருகோணமலையிலிருந்து கண்டி சாலை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஒரு வழிக்கே நான்கரை மணி நேரம் வேண்டும். நோட்டில் இதை எழுதிக் காட்டியதும் அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேனாவை வாங்கி, கண்டி என்று எழுதியிருந்ததை அவரே அடித்தார். கண்டிக்கு விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து ரயிலில் போவதுதான் முறை. அது தனிப் பயணம்.

படி 2: கப்பல் எங்கே நிற்கப் போகிறது?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. மூன்று விதமாக இருக்கலாம்.

ஊருக்குள்ளேயே நிற்கலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன். குயின் தெரு மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியா, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் அது. இங்கே காசு கொடுத்துச் சுற்றுலா வாங்க வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. ஒரு தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தால் போதும்.

ஊருக்கு வெகு தொலைவில் நிற்கலாம். பயணத் தாளில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில். அங்கிருந்து நகருக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டுமானால், போக்குவரத்து நேரம் போக 272 படி ஏறி இறங்கவும் நேரம் ஒதுக்க வேண்டும். சென்னை என்று சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் இறக்கிவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கரைக்கே வராமல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவது. இதை டெண்டர் என்பார்கள். புக்கெட்டில் பத்தோங் கடற்கரைக்கு எதிரே பல கப்பல்கள் இப்படித்தான் நிற்கின்றன. படகுக்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் பதிந்தவர்களைத்தான் பெரும்பாலும் முதலில் இறக்குவார்கள். போகும்போதும் வரும்போதும் நேரம் இழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள், ஆடும் படகில் ஏறி இறங்க முடியுமா என்று முன்பே யோசிக்க வேண்டும்.

படி 3: ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஓர் இடம்

2023 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கப்பட்ட இலங்கைக் கப்பல் சேவை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்களைத் தொட்டது. நம்மூர்க்காரர்கள் முதலில் போக நினைப்பதும் இந்த வழியில்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பயணத்தில் எந்தெந்தத் துறைமுகம் இருக்கிறது என்பதை அந்தத் தேதிக்கான தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் கோணேஸ்வரம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். பிரெட்ரிக் கோட்டைக்குள், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையில் இருக்கிறது. கோட்டைக்குள் மான்கள் மனிதருக்கு அஞ்சாமல் திரியும். நேரம் இருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் சேர்த்துக்கொள்ளலாம். புறாத் தீவையும் சேர்க்க நினைத்தால் மூன்றும் கெட்டுப்போகும்.

காங்கேசன்துறையிலிருந்து நல்லூர் கந்தசுவாமி கோயிலும் யாழ்ப்பாண நகரும் அதிகத் தொலைவில்லை. கீரிமலை நகுலேஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது. நல்லூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு மேல்துண்டு எடுத்துப்போங்கள்.

அம்பாந்தோட்டையில்தான் எங்கள் வீட்டில் வாக்குவாதம். தம்பி பிள்ளைகளுக்கு யாலா காட்டில் ஜீப் சவாரி, அம்மாவுக்குக் கதிர்காமம். அம்மாவின் ஊர் வள்ளிமலை. முருகன் வள்ளியை மணந்தது அங்கேதான் என்று கேட்டு வளர்ந்தவர். கதிர்காமத்திலும் அதே வள்ளி கதை சொல்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. காட்டுச் சவாரி அரை நாளை விழுங்கும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் வைக்க முடியாது. இரண்டு அணியாகப் பிரிந்தோம். குடும்பத்தோடு போனால் எல்லாரும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. மாலையில் அவரவர் கதையோடு ஒரே மேசையில் சாப்பிட உட்கார்வது எவ்வளவோ மேல்.

கதிர்காமத்தில் கருவறையில் விக்கிரகம் தெரியாது; திரைதான் தெரியும். முருகனும் வள்ளி தெய்வயானையும் அந்தத் துணியில் வரையப்பட்டிருப்பார்கள். அம்மா கொஞ்ச நேரம் திரை விலகும் என்று காத்திருந்தார். விலகாது, அதுதான் வழக்கம் என்று பக்கத்தில் நின்ற பெண்மணி சொன்னதும் அம்மா அந்தத் திரையையே கும்பிட்டுக்கொண்டு நின்றார். மாணிக்க கங்கையில் கால் நனைக்க இருபது நிமிடம் கிடைத்தது. அந்த இருபது நிமிடம் கிடைத்ததற்குக் காரணம் அன்று வேறெந்த இடத்தையும் நாங்கள் சேர்க்காததுதான்.

கோயில்களுக்குப் போவதானால் நடை சாத்தும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். நண்பகலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பது பெரிய வருத்தம்.

படி 4: கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, சொந்த ஏற்பாடா?

கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவுக்கு 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்று பெயர். விலை கூடுதல், பஸ்ஸில் நாற்பது பேரோடு போக வேண்டும், கடையில் நிறுத்துவார்கள். ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பாகும். நிறுவனத்தின் விதிமுறையில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். சொந்தமாகப் போய்த் தாமதமானால் விமானம், விடுதி, விசா எல்லாம் உங்கள் தலையில்.

என் அளவுகோல் எளிது. துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரம் என்றால் கப்பல் சுற்றுலா. அரை மணிக்குள் என்றால் சொந்த ஏற்பாடு. இடைப்பட்ட தூரத்துக்குத் தலைகளை எண்ணுங்கள்: கப்பல் சுற்றுலாவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம், வேனுக்கு வண்டிக்கு இவ்வளவு என்று வாடகை. இரண்டு பேருக்கு வேன் கட்டுப்படியாகாது. ஆறு பேர் என்றால் பாதிச் செலவில் முடியலாம். வயதானவர்களோடு போகும்போது வேனுக்கு இன்னொரு வசதி உண்டு: கழிப்பறைக்கு நிறுத்தச் சொன்னால் நிற்கும்.

படி 5: முன்பதிவு

கப்பல் டிக்கெட் எடுத்ததும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டு நுழைந்தால் சுற்றுலாப் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் பாருங்கள்: மொத்த நேரம், எவ்வளவு நடக்க வேண்டும், சாப்பாடு உண்டா, எந்தத் தேதி வரை ரத்து செய்யலாம். நல்ல சுற்றுலாக்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே நிறைந்துவிடும். ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே பதிந்துவிடுங்கள். கப்பலுக்குள் மேசை போட்டு விற்பார்கள்தான். முதல் நாள் அந்த வரிசையில் நிற்பதில் பாதிப் பொழுது போய்விடும்.

சொந்தமாக வேன் பேசுகிறவர்கள் ஓட்டுநரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது: துறைமுகத்துக்குள் வர உங்களுக்கு அனுமதி உண்டா? எந்த வாசலில் நிற்பீர்கள்? இதைக் கேட்காமல் விட்டு நான் பட்டது போதும். சரக்கு இறங்கும் துறைமுகங்களுக்குள் நடந்து போக விடமாட்டார்கள். நிறுவனத்தின் பஸ்தான் வாசல் வரை கொண்டுபோய்விடும். நாங்கள் இறங்கிய வாசலில் வண்டி இல்லை. ஓட்டுநர் இன்னொரு வாசலில் நின்றுகொண்டு எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கான்கிரீட் திண்டில் முந்தானையைத் தலைக்குப் போட்டு உட்கார்ந்திருக்க, நாற்பது நிமிடம் வெயிலில் போனது. இப்போதெல்லாம் வாசலின் படத்தையே ஓட்டுநரிடம் அனுப்பச் சொல்லி வாங்கிவிடுகிறேன். கூடவே எழுத்தில் வாங்க வேண்டியது இன்னொன்று: கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே வராமல் போனால் முன்பணம் திரும்புமா? கடல் கொந்தளித்தால் கப்பல் துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடுவது சகஜம். நிறுவனத்தின் சுற்றுலாவானால் பணம் தானாகத் திரும்பும். வேன்காரர் திருப்பித் தருவாரா என்பது நீங்கள் முன்பே பேசியதைப் பொறுத்தது.

பாஸ்போர்ட் செல்லுபடி ஆறு மாதத்துக்கு மேல் இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. கரையில் இறங்க என்ன அனுமதி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 6: இறங்கும் நாள்

கைக்கடிகாரம் கட்டுங்கள், கைபேசியை நம்பாதீர்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி தானாக மாறிவிடும். கப்பல் தன் பழைய நேரத்திலேயே இருக்கலாம். திரும்ப வேண்டிய நேரம் எப்போதும் கப்பல் நேரம். முந்தின இரவு அறைக்கு வரும் தாளில் அது இருக்கும். துறைமுக முகவரின், அதாவது அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைக் கவனிப்பவரின், தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். அதைப் படம் எடுத்துவைத்தால் போதாது, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் போடுங்கள்.

கப்பலில் கொடுக்கும் அடையாள அட்டை இல்லாமல் திரும்ப ஏற முடியாது. பாஸ்போர்ட்டைச் சில கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நகல் கையில் இருக்கட்டும். அன்றாட மாத்திரைகள் ஒரு நாளைக்குக் கூடுதலாகவே கைப்பையில் இருக்கட்டும். கடலில் இருக்கும்போது கைபேசியை 'ஏர்பிளேன் மோட்'-இல் போடுங்கள், கப்பலின் அலைவரிசையில் ரோமிங் கட்டணம் எகிறும். கப்பல் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக் கரைக்குக் கொண்டுபோவதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை, குறிப்பாகப் பழங்களை. நம்மூர்ப் புளியோதரைப் பழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள்; பிஸ்கட் பாக்கெட் போதும்.

பயணத்தின் கடைசி இரவுக்கு முன்பே, கப்பல் கணக்கில் சுற்றுலாக் கட்டணங்கள் சரியாக இருக்கின்றனவா, ரத்தானவற்றுக்குப் பணம் திரும்பியிருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் கேட்டு அச்சிட்டு வாங்குங்கள். மறுநாள் காலையில் அங்கே பெரிய வரிசை நிற்கும். காட்பாடிக்கு ரயில் பிடிக்கிற அவசரத்தில் யாராலும் கணக்குப் பார்க்க முடியாது.