படத்துக்கு மாலை போடாதீர்கள்

என் மாமியாரின் ஊர் இலங்கையின் வடக்கில் உள்ள பரந்தன். அவருடைய இளைய மகன், அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த 2009 மே மாதம், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகலில், இராணுவத்திடம் கையளிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. என் கணவர் சிறுவனாக 1990-இல் படகேறி இராமேஸ்வரம் வந்து, அகதி முகாமில் படித்து, வேலைக்காகப் பெங்களூர் வந்தவர். நான் அல்சூரில் பிறந்தவள். போரைச் செய்தித்தாளில் மட்டுமே அறிந்தவள். 2013-இல் மாமி லிங்கராஜபுரத்தில் எங்களோடு வந்து சேர்ந்தபோது அவரிடம் எப்படிப் பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அவரிடமிருந்தும் என் தவறுகளிலிருந்தும் கற்றதை எழுதுகிறேன். இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் பயன்படும்.

முதலில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். "உங்கள் மகன் என்ன வேலை செய்தார்?" என்று நான் கேட்டேன். "செய்கிறான், பிள்ளை. மோட்டார் சைக்கிள் திருத்துகிறான்" என்றார் மாமி. நம் மொழியில் காலம் காட்டாமல் ஒருவரைப் பற்றி அதிக நேரம் பேச முடியாது. ஆகவே நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அவர்கள் எந்தக் காலத்தில் பேசுகிறார்களோ அதிலேயே பதில் சொல்லுங்கள். ஒரே நாளில் 'இருந்தான்' என்றும் 'இருக்கிறான்' என்றும் சொல்வார்கள். திருத்த வேண்டாம். 'காணாமல் போனவர்' என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். போனவர் தானாகப் போனவர். இப்படிப் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்கிறார்கள். ஆக்கியவர் ஒருவர் உண்டு, அவர் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது படம். மைத்துனரின் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கச் சிவாஜிநகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் தானாகவே சட்டத்தின் மேல் சிறிய சிவப்பு விளக்கைப் பொருத்தி, சந்தன மாலையும் போட்டுக் கொடுத்தான். நானும் யோசிக்காமல் வாங்கி வந்துவிட்டேன். மாமி எதுவும் பேசவில்லை. மாலையைக் கழற்றினார், விளக்கின் கம்பியைப் பிடுங்கினார், இரண்டு நாள் சாப்பிடவில்லை. படத்தைச் சாமி அறையிலோ இறந்தவர்களின் வரிசையிலோ வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது இப்போது பேரப்பிள்ளைகளின் பள்ளிப் படங்களோடு கூடத்தில் இருக்கிறது.

இந்தத் துயரத்துக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு: தெளிவற்ற இழப்பு. அமெரிக்க ஆய்வாளர் பவுலின் பாஸ் 1970-களில், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பேசி, இதை விளக்கத் தொடங்கினார். உடல் இல்லை, சாவு இல்லை, எட்டு, காடாற்று என்ற ஈமச்சடங்குகளும் இல்லை. அதனால் துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நிற்கிறது. இது துயரப்படுபவரின் மனக்கோளாறு அல்ல, அவர் நிறுத்தப்பட்டிருக்கும் நிலைதான் கோளாறானது என்பதே பாஸ் சொன்னதன் சாரம். இதை வாசித்த பிறகுதான் மாமியை 'ஏற்றுக்கொள்ள' வைக்கும் முயற்சியை நான் கைவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே கருத்து பிரியும். என் கணவர் தம்பி இல்லை என்றே நம்புகிறார். மாமி இருக்கிறான் என்கிறார். ஒரு உறவினர் அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கைச் செய்துவிடுங்கள், ஆத்மா சாந்தியடையும் என்று வற்புறுத்தியபோது இருவருக்கும் பெரிய சண்டை வந்தது. பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு, மற்றவரை இணங்க வைக்கக் கூடாது. மே 18 அன்று, போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்த எல்லோருக்காகவும் என் கணவர் விளக்கேற்றுகிறார். மாமியும் வந்து நிற்கிறார். அந்த விளக்கு தன் மகனுக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். சடங்கு செய்வதா வேண்டாமா என்பதைத் தாயும் மனைவியும்தான் முடிவு செய்ய வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மனைவி இருந்தால் அவருடைய பொட்டையும் தாலியையும் பற்றி யாரும் வாய் திறக்கவே கூடாது.

தொலைபேசி எண்ணை மாற்றாதீர்கள். மலிவான திட்டம் என்று மாமியின் சிம்மை நான் மாற்றிக் கொடுத்தேன். தன் தங்கை மூலம் ஊரில் கொடுத்த ஒவ்வொரு முறைப்பாட்டிலும் (புகாரிலும்) அவர் எழுதியிருந்தது பழைய எண். "அவர்கள் கூப்பிட்டால்?" என்று கேட்டு அழுதார். மறுநாளே ஓடிப்போய் அந்த எண்ணை மீட்டேன். இப்போது கடிதங்கள், பதிவு எண்கள், முறைப்பாட்டுப் படிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, கைப்பேசியிலும் படமெடுத்து வைத்திருக்கிறோம். தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, "உங்கள் மகனைச் சிறையில் பார்த்தேன், பணம் அனுப்புங்கள்" என்பவர்களும் உண்டு. ஏமாறாதீர்கள் என்று உபதேசம் செய்தால் அடுத்த அழைப்பை உங்களிடமிருந்து மறைப்பார்கள். பணம் கொடுக்கும் முன் இருவராகச் சேர்ந்து முடிவெடுப்போம் என்று மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இலங்கையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறந்தார் என்று பதியாமல் காணவில்லை என்று மட்டும் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. சொத்து, வங்கி விவகாரங்களுக்கு அது உதவும். ஆனால் அதை வாங்கினால் தேடல் நின்றுவிடுமோ என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. விவரத்தைச் சொல்லுங்கள், தள்ளாதீர்கள்.

மாமிக்கு அதிகம் உதவியது நான் இல்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில் அவருடைய தங்கையும் உட்கார்ந்தார். அங்கிருந்து வீடியோ அழைப்பு வரும். விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லாத ஆட்களோடு பேசியபின் மாமி நன்றாகத் தூங்குவார். இந்த ஊரிலும் இதே நிலையில் உள்ள இன்னொரு தாயைத் தேடிக் கண்டுபிடித்தோம். மாதம் ஒருமுறை அவர் வருவார். இருவரும் பிட்டு அவிப்பார்கள், மகன்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாவிட்டால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பெங்களூரில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நாங்கள் முதலில் போன வேறோர் இடத்தில் ஆலோசகர் பத்தே நிமிடத்தில், "இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மாமி எழுந்து வந்துவிட்டார். அதனால் போகும் முன்பே தனியாகப் பேசி, மகன் காணாமல் ஆக்கப்பட்டவர், இறந்ததாகச் சொல்ல வேண்டாம் என்று தெரிவித்துவிடுங்கள்.

குழந்தைகளிடம் பொய் சொல்லாதீர்கள். 'வெளிநாட்டில் இருக்கிறார்' என்று நான் முதலில் சொன்னேன். என் மகள் உடனே, "அப்படியானால் ஏன் ஃபோன் செய்யவில்லை? நம்மைப் பிடிக்காதா?" என்று கேட்டாள். இப்போது இப்படிச் சொல்கிறோம்: "சித்தப்பா எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. சிலர் கூட்டிக்கொண்டு போனார்கள், திருப்பி அனுப்பவில்லை. அப்பம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்." சித்தப்பாவின் பிறந்தநாளுக்கு அவளே ஒரு வாழ்த்து அட்டை வரைந்து அப்பம்மாவிடம் கொடுத்தாள். அது இப்போது முறைப்பாட்டுக் கோப்பில் இருக்கிறது.