படகடிப் பாசியை வழவழப்பிலேயே துடைத்துவிடுங்கள்

தொண்டிப் பக்கம் சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை அதைக் கரையேற்றி, அடிப்பாகத்தை ஈரச் சாக்கால் துடைத்து, ஒரு பகல் வெயிலில் காயவிடுங்கள். கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி, barnacle) குஞ்சாக ஒட்டிய சில நாட்களில் சுண்ணாம்பு ஓடு கட்டிவிடும்; அப்புறம் சுரண்டியே கை ஓய்ந்துபோகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். முன்கூட்டியே துடைத்தால், இவை ஒட்டாமலிருக்க அடிக்கும் விஷப் பெயிண்டே தேவைப்படாது. டிரைபியூட்டைல்டின் என்ற விஷ வேதிப்பொருள் கலந்த பெயிண்ட் சங்கு, சிப்பிகளைக் கெடுத்ததால்தான் 2008இல் அதற்கு எதிரான சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

மரப் படகுக்கு இது சரிவராது, காய்ந்தால் பலகை இடைவெளி விடும். தாமிரப் பெயிண்ட் அடித்த படகையும் தண்ணீரில் வைத்துத் தேய்க்காதீர்கள், தாமிரம் கடலில்தான் கலக்கும்.