கொடி ரோஜாவைச் சுவரோடு ஒட்டி நடாதீர்கள்

மதில் சுவரில் கொடி ரோஜா ஏற்ற நினைப்பவர்கள் செடியைச் சுவரடியிலேயே நட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பங்குனி வெயிலில் கருகிப் போனது. சுவரடி மண்ணில் மழை சரியாக விழாது. கட்டும்போது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் வேறு கலந்திருக்கும். அதனால் 1½ அடி தள்ளிக் குழி எடுத்து, மக்கிய சாணி உரம் கலந்து, செடியைச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து நடுங்கள். கரிசல் மண் என்றால் தண்ணீர் தேங்காதபடி மேடாக்கிக்கொள்ளுங்கள்.

மேற்கு பார்த்த சுவர் வேண்டாம். திருநெல்வேலி வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வரை அனலடிக்கும். காலை வெயில் படும் சுவர் நல்லது. அடைமழை ஓய்ந்து மார்கழியில் நட்டால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

பெயர்தான் கொடி; பாகல் மாதிரி தானாகப் பற்றி ஏறத் தெரியாது. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, 1½ அடிக்கு ஒரு வரிசையாகக் கம்பி இழுங்கள். நீண்ட தண்டுகளைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. நேரே மேலே விட்டால் நுனியில் மட்டும் நாலு பூ பூக்கும். படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு கிளை விட்டுச் சுவர் முழுக்கப் பூக்கும். கட்டுவதற்கு வாழைநார் போதும், நம் பக்கம் அதற்கா பஞ்சம்? இறுக்காமல் தளர்வாகக் கட்டுங்கள். அப்புறம், தண்டில் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே முளைக்கும் குருத்தை அன்றன்றே கிள்ளிவிட வேண்டும். ஆனியில் சாரல் காற்று தொடங்குமுன் கட்டுகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நார் இற்றுப் போயிருக்கும்.