ஆர்எக்ஸ் 100-ல அகல டயர் போடப்போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

போன வாரம் ஒரு தம்பி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்க கொண்டாந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துனான். பின்னாடி புது 100/90-18 டயர், அதுக்கேத்த அகல மட்கார்டு, பாக்க ஜம்முனு இருக்கு. "அண்ணே, பக்காவா செட் ஆயிருச்சு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் கேப் இருக்கு பாருங்க"ங்கறான். பதினஞ்சு வருசம் முன்னாடி நான் சொன்ன அதே டயலாக். காத்து பாருங்க, நட்டு டைட் வைங்கன்னு சொல்ல வரல, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். அகல டயர் போடும்போது பண்ற தப்புகளத்தான் சொல்றேன்.

ஸ்டாண்டுல வச்சு கேப் பாக்குறது

என் காச தின்ன தப்பு இதுதான். சென்டர் ஸ்டாண்டுல நிக்கும்போது பின்சக்கரம் தொங்கிட்டு இருக்கும், ஷாக் (ஷாக் அப்சார்பர்) முழுசா நீண்டிருக்கும், அப்ப கை விட்டுப் பாத்தா கேப் இருக்கத்தான் செய்யும். ரெண்டு பேரு உக்காந்து பள்ளத்துல விழும்போது சக்கரம் எவ்வளவு மேல ஏறுதுங்கறதுதான் கணக்கு. கம்பெனி டயர் 2.75-18, அதாவது 18 இன்ச் ரிம்முக்கான 2.75 இன்ச் டயர், கிட்டத்தட்ட 70 மி.மீ. அகலம், அதே அளவு உயரம். 100/90-ன்னா அகலம் 100, உயரம் 90. அதாவது மட்கார்டு பக்கம் 20 மி.மீ. போச்சு, சைடுல 15, 15 போச்சு.

நான் இதெல்லாம் பாக்காம மச்சானை பின்னாடி ஏத்திக்கிட்டு மேலூர் ரோட்டுல போறேன், ஒரு வேகத்தடைல ஏறி இறங்கவும் சர்ர்ர்னு ஒரு சத்தம். மட்கார்டு போல்ட்டு முனை உள்பக்கமா நீட்டிட்டு இருந்திருக்கு, அது டயர் நடுவுல கோடு கிழிச்சிருச்சு, அடில போற டெயில் லாம்ப் வயரையும் சேத்து சுருட்டி இழுத்துருச்சு. பிரேக் லைட் இல்லாம, ரப்பர் கருகுன வாடையோட வீடு வந்து சேந்தோம். டயர் வாங்கி ரெண்டே நாள். மாட்டிக் குடுத்த மெக்கானிக்க கேட்டா "ஓட ஓட சரியாயிரும்"ங்கறாரு. ஓட ஓட சரியாக அது என்ன புது செருப்பா? இப்ப நெனச்சாலும் கடுப்பாகுது.

ஒழுங்கா பாக்கணும்னா ஷாக்குல ஸ்பிரிங்க மட்டும் எடுத்துட்டு வெறும் ஷாக்க திருப்பி மாட்டுங்க, ஷாக்குல இருக்குற தடுப்பு ரப்பர்ல இடிச்சு நிக்கிற வரைக்கும் சக்கரத்த மேல தூக்குங்க. அங்கயும் ஒரு விரல் போகணும். மட்கார்டு போல்ட்டுக்கு தலை உள்ள, நட்டு வெளிய. வயரை ஓரமா கிளிப் போட்டு ஒதுக்குங்க.

ரிம்ம மறந்துடுறது

கம்பெனி ரிம்முல 1.60-னு அடிச்சிருக்கும், அது இன்ச்சுல ரிம் அகலம், 100/90-க்கு குறைஞ்சது 2.15 வேணும். ஒடுக்கமான ரிம்முல ஏத்துனா டயர் கிள்ளிப் பிடிச்ச மாதிரி நடுவுல கூம்பா எழும்பிரும், நடு மட்டும் தேயும். ரிம் மாத்த மனசில்லன்னா 3.00-18-ஓட நிறுத்திக்கங்க.

செயின் கவர் உரசுதுன்னு ஸ்ப்ராக்கெட்டுக்கு வாஷர் குடுக்குறது

வேணாம். செயின் லைன் போயிரும், அதாவது முன்னாடி பின்னாடி ஸ்ப்ராக்கெட் ரெண்டும் ஒரே நேர்ல இருக்காது.

பிக்கப் இல்லன்னு கார்புரேட்டர நோண்டுறது

சக்கரம்தான் பெருசாயிருச்சு, 98 சிசி இன்ஜின் என்ன பண்ணும்?

அந்த தம்பி வண்டி ஸ்பிரிங் இல்லாம இன்னும் நம்ம ஷெட்டுலதான் நிக்குது, அவன் 3.00 டயர் வாங்க போயிருக்கான்.