சர்ச்சைக்குரிய பொருளில் கட்டுரை எழுதுவது எப்படி? மஞ்சக்குப்பம் வழக்கை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

சமூகச் சர்ச்சை, வரலாறு, பழைய இலக்கியம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் சொன்னால், பெரும்பாலோர் அவற்றை மூன்று தனித்தனிப் பாடங்களாகவே எண்ணுகின்றனர். கடலூர் மாவட்டத்து மாணவர்கள் அப்படி எண்ணத் தேவையில்லை. 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற அருட்பா–மருட்பா பூசலில் இம்மூன்றும் ஒன்றாகவே கிடைக்கின்றன. வள்ளலார் எனப்படும் வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களுக்கு 'அருட்பா' (இறையருளால் பிறந்த பா) என்று பெயரிட்டது தகுமா, அவை 'மருட்பா' (மயக்கத்தில் பிறந்த பா) அல்லவா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் அவர் தரப்பாரும் எழுப்பிய கேள்வி, அவ்விருவரும் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் ஓயாமல் நடந்த துண்டறிக்கைப் போராக வளர்ந்தது. அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, முதன்முறையாக இத்தகைய கட்டுரை எழுதுவோருக்கு வழிமுறையைச் சொல்கிறேன். இரு தரப்பாரும் எதை வாதிட்டார்கள் என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்த பிறகே மாணவர் தம் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் யாவும் அதற்காகவே.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

'வள்ளலாரும் சமூகச் சீர்திருத்தமும்' என்பது தலைப்பு மட்டுமே; அதற்குள் கேள்வி இல்லை. கேள்வி இல்லாத கட்டுரை, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், இயற்றிய நூல்கள் என்று பட்டியலாகவே முடியும். 'வள்ளலாரின் பாடல்களைத் தேவாரம், திருவாசகம் போலத் திருமுறை என்று வகுத்ததை நாவலர் தரப்பு ஏன் எதிர்த்தது?' என்று கேட்டுப் பாருங்கள். எதைத் தேட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அந்தக் கேள்வியே காட்டிவிடும். 'ஏன்', 'எவ்வாறு' என்று தொடங்கும் கேள்விகள் தொடக்க நிலை மாணவர்களுக்கு ஏற்றவை; 'யார் சரி?' என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

படி 2: படிக்கத் தொடங்கும்போதே ஆண்டு வரிசையை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் மாணவர்கள் அதிகம் தவிர்க்கிறார்கள். ஒரு முழுத் தாளில் இடப்பக்கம் ஆண்டையும் வலப்பக்கம் நிகழ்வையும் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு அது இவ்வாறு அமையும்: 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது, அதே ஆண்டில் அடிகளின் மாணவரான தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாயின, 1869இல் நாவலர் தரப்பின் மறுப்பு நூலும் மஞ்சக்குப்பம் வழக்கும் வந்தன, 1872இல் சத்திய ஞானசபை எழுந்தது, 1874இல் அடிகள் சித்தி அடைந்தார், 1880இல் ஐந்தாம் திருமுறையும் 1885இல் ஆறாம் திருமுறையும் வெளிவந்தன.

இந்தத் தாளின் பயனை ஓர் இடத்தில் நேரடியாகக் காணலாம். இப்பொருளில் எழுதும் மாணவர் பலர், 'வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன்' என்ற அடியை மேற்கோளாகக் காட்டி, இத்தகைய கருணைப் பாடலையா நாவலர் தரப்பு எதிர்த்தது என்று வியந்து எழுதுகிறார்கள். அந்த அடி ஆறாம் திருமுறையைச் சேர்ந்தது. அத்திருமுறை அச்சேறியது 1885இல். நாவலர் 1879இலேயே காலமாகிவிட்டார். 1869இல் எதிர்ப்பாளர்களின் கையில் இருந்த அச்சு நூல் முதல் நான்கு திருமுறைகள் மட்டுமே. ஆகவே பூசலின் தொடக்கத்தை விளக்க அந்த நான்கிலிருந்தே மேற்கோள் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

படி 3: சான்றை மூன்றாகப் பிரியுங்கள்

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடிட்டு, முதல் பத்தியில் ஆவணத்தால் உறுதிப்படுவதையும், இரண்டாம் பத்தியில் ஒரு தரப்பு மட்டும் சொல்வதையும், மூன்றாம் பத்தியில் உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். பாடல்கள் 1867இல் அச்சானது முதல் பத்திக்குரியது. நீதிமன்றத்துக்குள் அடிகள் நுழைந்தபோது வழக்குத் தொடுத்த நாவலரே எழுந்து நின்று வணங்கினார் என்ற செய்தி இரண்டாம் பத்திக்குரியது. அதை அடிகளின் அன்பர்கள் போற்றிச் சொல்கிறார்கள், நாவலர் மரபினர் ஏற்பதில்லை. வழக்கின் பொருள் அருட்பா என்ற பெயரா, சிதம்பரத்தில் பேசப்பட்ட அவதூறா என்பதில்கூட நூல்கள் ஒன்றுபடவில்லை. அவ்வாறு ஒன்றுபடாததையும் கட்டுரையில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

சான்று தருபவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்பதையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் அந்தக் காலத்திலேயே ஊரில் இருந்தவர், ஆகவே அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) பணியாற்றியவர், அதே வேளையில் கோயில் மரபில் பற்றுள்ள இந்து. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நின்று அவர் எழுதியதை, அந்த நிலையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

படி 4: உங்களுக்கு உடன்பாடில்லாத தரப்பை முதலில் எழுதுங்கள்

கடலூர்க்காரர்களுக்கு வள்ளலார் நம்மவர். எனவே நாவலரைப் பொறாமைக்காரராகக் காட்டிவிட்டு நகர்வது எளிது. அதைச் செய்யாதீர்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பாதிரிமாரின் பள்ளிகளும் அச்சுக்கூடங்களும் பெருகிய யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவி, பிறகு அந்தப் பள்ளிமுறையையும் அச்சையும் சைவத்துக்காகப் பயன்படுத்தியவர் அவர். 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். தேவாரம், திருவாசகம் முதலியவை மட்டுமே இறையருள் பெற்றோரின் பாக்கள் என்று நம்பிய ஒருவர், உயிரோடு இருக்கும் ஒருவரின் பாடல்களுக்கும் அதே பெயரையும் அதே திருமுறைப் பகுப்பையும் கொடுத்ததைக் கண்டு, காக்க முயன்ற எல்லையே அழிகிறது என்று அஞ்சியிருப்பார். இதை எழுதிப் பாருங்கள். நாவலரை ஏற்காதவருக்கும் அவர் கோபம் விளங்கும்.

அதன் பிறகு மறுதரப்புக்கு வாருங்கள். 'இராமலிங்கசாமி' என்று தம்மை வழங்குவது ஆரவாரத்துக்கு உரியதாகத் தோன்றுவதால் அவ்வாறு வழங்க வேண்டாம் என்று அடிகள் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் சூட்டியதிலும் திருமுறையாக வகுத்ததிலும் தொழுவூராரின் பங்கே பெரிது. இந்த ஒரு சான்று வந்தவுடன் நம் கேள்வி கூர்மையாகிறது: எதிர்ப்பு அடிகளின் மீதா, அவரை அவ்வாறு முன்னிறுத்திய அன்பர்களின் மீதா? கட்டுரையின் நடுப்பகுதி இந்தக் கேள்வியால்தான் நகர வேண்டும். பிற்காலத்தில் இப்பூசல் மீண்டும் மூண்டபோது, அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறியவர்களுள் இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலர் முதன்மையானவர் என்பதையும் இங்கே சேர்க்கலாம். தரப்புகள் மதத்தால் மட்டும் பிரியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

படி 5: மேற்கோளுக்குப் பின் குறைந்தது இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள்

இலக்கிய அடியை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவது நம் பள்ளிக் கட்டுரைகளின் பழக்கம். அந்த அடி உங்கள் வாதத்துக்கு எதைச் செய்கிறது என்று சொல்லுங்கள். நிகழ்காலச் சர்ச்சைகளில் இது இன்னும் முக்கியம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதைப் பற்றி எழுதுபவருக்கு 'வாடிய பயிர்' தானாகவே நினைவுக்கு வரும். அந்த அடி, பயிரின் வாட்டத்தைத் தன் வாட்டமாக உணரும் நெஞ்சைக் காட்டுகிறது. இழப்பீடு எவ்வளவு, வேலை யாருக்கு, கையகப்படுத்தியது எந்த ஆண்டில் என்ற கேள்விகளுக்கு அது விடை தராது. அவற்றுக்கு அரசாணையும் நீதிமன்ற ஆவணமும் செய்தித்தாளும் வேண்டும். நிலம் இழந்த வீட்டுப் பிள்ளையும் சுரங்க நிறுவனத்தில் வேலை செய்பவரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாவட்டம் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

இலக்கியமே சர்ச்சை செய்வதும் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன், 'சாபவிமோசனம்' கதையில், சீதை தீக்குளிக்கச் செய்யப்பட்டதைக் கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். கம்பனின் அகலிகைப் படலத்தையும் அக்கதையையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஒரு கட்டுரைக்கான கேள்வி உடனே கிடைக்கும்.

படி 6: முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்

'உலகம் தோன்றிய நாள் முதல்' என்று தொடங்கும் முன்னுரைகளைக் கைவிடுங்கள். இடம், ஆண்டு, கேள்வி ஆகிய மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும். ஒரு மாதிரி:

'1867இல் சென்னையில் அச்சான ஒரு பாடல் தொகுப்பு, இரண்டே ஆண்டுகளில் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தோடு பிணைத்துப் பேசப்பட்டது. அத்தொகுப்பின் பெயரும் பகுப்புமே முதன்மையான எதிர்ப்புக்கு உள்ளாயின. அவற்றை வகுத்தவர்கள் எதை நாடினர், மறுத்தவர்கள் எதை அஞ்சினர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.'

நூல்களுக்கு மாவட்ட மைய நூலகத்தையும், புதுச்சேரிக்குச் செல்ல இயன்றவர்கள் ரொமேன் ரோலான் நூலகத்தையும் நாடலாம். இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும் உள்ளன. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்னும் மின்னூலகம் உதவும்.

படி 7: மறுதரப்பில் நிற்பவரிடம் படிக்கக் கொடுங்கள்

கட்டுரை முடிந்ததும், உங்கள் முடிவை ஏற்காத தோழர் ஒருவரிடம் கொடுத்து, அவர் தரப்பைப் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியங்களுள் 'நாங்கள் இப்படிச் சொல்லவில்லை' என்று தோன்றுபவற்றைப் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். முடிவை மாற்றும்படி அவர் கேட்டால் மாற்ற வேண்டியதில்லை. அடிக்கோடிட்ட வாக்கியங்களை மட்டும் சான்றோடு ஒப்பிட்டுத் திருத்தி எழுதிய பின், ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.