டர்பனில் அறுவை சிகிச்சை ரெஜிஸ்ட்ரார் பதவி: நேர்காணலுக்கு அழைப்புப் பெறுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பும் மருத்துவர், 2 ஆண்டு இன்டர்ன்ஷிப்பையும் அதன்பின் அரசு மருத்துவ நிலையத்தில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய 1 ஆண்டு சமூகச் சேவையையும் முடித்துச் சுயேச்சையாகத் தொழில் செய்வதற்கான பதிவைப் பெற்ற பிறகே ரெஜிஸ்ட்ரார் (நிபுணத்துவப் பயிற்சி மருத்துவர்) பதவிக்குப் போட்டியிட முடியும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வளர்ந்த நம் பிள்ளைகள், பட்டப்படிப்பில் வாங்கிய டிஸ்டிங்ஷன்களை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற அடிப்படைப் பாடங்களைச் சோதிக்கும் எஃப்.சி.எஸ். பிரைமரி என்ற, அறுவை சிகிச்சை நிபுணத்துவத்துக்கான முதல்கட்டத் தேர்வில் தேறியிருப்பதே விண்ணப்பத்துக்கு உண்மையான பலம். ஆகவே அதைச் சமூகச் சேவை ஆண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது, நீங்கள் பங்கேற்ற சிகிச்சைகளைப் பதியும் லாக்புக். குடல்வால் அகற்றல், நெஞ்சுக்குழாய் பொருத்துதல் என ஒவ்வொன்றுக்கும் தேதி, நீங்கள் உதவினீர்களா, மேற்பார்வையில் செய்தீர்களா, தனியாகச் செய்தீர்களா என்ற விவரம், மூத்த மருத்துவரின் கையொப்பம் ஆகியவற்றை அன்றைக்கன்றே பதிந்துவிடுங்கள், ஏனெனில் மாதக் கடைசியில் கையொப்பத்துக்கு அலைவது வீண் வேலை.

அரசு வேலைக்கான இசட்83 படிவத்தை அலட்சியமாக நிரப்புவது, எனக்குத் தெரிந்தவரை, மிகவும் அநாவசியமான தோல்வி. விளம்பரக் குறிப்பு எண்ணை எழுதி, கையொப்பமிட்டு, விரிவான தன்விவரக் குறிப்பை இணையுங்கள்.

நிபுணர் பதிவுக்கு ஆய்வேடும் தேவை என்பதால், நேர்காணலில் ஆய்வு பற்றிக் கேட்டால் சொல்வதற்கு, உங்கள் வார்டிலேயே தரவு கிடைக்கக்கூடிய ஒரு தலைப்பைத் தயாராக வைத்திருங்கள். வயிற்றில் கத்திக்குத்துக் காயத்துடன் வருபவரை எந்த வரிசையில் பரிசோதிப்பீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.